பழைய ஜீப்பின் அச்சு: பிரித்துக் கட்டும்போதும் பெயிண்ட் பூசும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடிமெட்டு மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ஜீப் வலப்பக்கம் இழுத்தது. அடிவாரத்தில் நிறுத்தி, இடது பின்சக்கரத்தின் டிரம்மைக் கழற்றினால், லைனிங் முழுக்க ஆயிலில் ஊறிக் கறுத்துப் பளபளத்தது. ஆயில் சீல் புதியது, மாட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை. சந்தேகம் வந்து அச்சுக் குழாயின் மேலே இருக்கும் பிரீதரை, அதாவது உள்காற்று வெளியேறும் சிறு மூடியைப் பார்த்தேன். அதன் சிறு துளையை நான் பூசிய கறுப்புப் பெயிண்ட் அடைத்திருந்தது. ஊசியால் குத்தியதும் ‘உஸ்’ என்று காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது.

ஓடும்போது அச்சின் நடுவே இருக்கும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியல் சூடாகிறது, உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. அது போக வழியில்லாவிட்டால் ஆயிலைத் தள்ளிக்கொண்டு சீல் வழியாக வெளியேறும். அதே சூட்டோடு ஓடையில் இறங்கினால் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். கடுகளவு பெயிண்ட் போதும், பிரேக்கும் போகும், பேரிங்கும் போகும். ஆயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மறுபடி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சூடானதும் ஆயில் மீண்டும் மேலே வரும். லைனிங்கை மாற்றுவது மட்டுமே வழி.

பழுது பார்ப்பது ஒரு வேலை, பெயிண்ட் பூசுவது இன்னொரு வேலை என்று பிரித்து நினைப்பதில்தான் பாதித் தவறுகள் பிறக்கின்றன. எந்த இடத்தில் பெயிண்ட் படக்கூடாது என்பதை முதல் போல்ட்டைக் கழற்றும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

நான் சொல்வது அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் மரபில் வந்த மகிந்திரா சிஜே 3பி ஜீப்பைப் பற்றி. இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கும் கொழுக்குமலைக்கும் ஆளையும் சரக்கையும் ஏற்றிச் சென்ற ஜீப்புகளின் குடும்பம் இது. முன்பக்கம், சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிள் பந்துபோல மூடியிருக்கும் டானா 25 வகை அச்சு. பின்பக்கம் கூம்பு முனைத் தண்டு கொண்ட டானா 44. வேறு ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

வண்டி வந்ததும் பிரஷர் பம்ப் வைத்துக் கழுவிவிடுவதுதான் வழக்கம். அதற்கு முன் ஒரு மணி நேரம் அழுக்கைப் படியுங்கள். எந்த இடத்தில் மண் ஆயிலோடு குழைந்து கெட்டியாக ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் கசிவு. கழுவிவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். பழைய ஆயிலை வெள்ளைத் தட்டில் பிடித்துப் பாருங்கள். பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. காந்தத்தில் மாவுபோல் ஒட்டுவது வழக்கமான தேய்மானம், செதில்செதிலாக வந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது என்று பொருள்.

சக்கர நட்டு கழற்றுவதிலேயே ஒரு பொறி உண்டு. பழைய வில்லிஸ் ஜீப்புகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. இது தெரியாமல் ஸ்பானரில் நீளக் குழாயைச் சொருகித் தொங்கி, ஸ்டட்டை முறித்தவர்கள் ஏராளம். அடுத்தது பின்பக்க ஹப். அது கூம்பில் இறுகி உட்கார்ந்திருக்கும். தண்டின் முனையில் சம்மட்டியால் அடித்தால் அந்த அடி நடுக்கட்டை வழியாக எதிர்ப்பக்கத் தண்டுக்கும் பேரிங்குக்கும் போய்ச் சேரும். ஹப்பை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரைச் சரியாக மாட்டி இறுக்கிவிட்டு ஒரு இரவு காத்திருங்கள், பெரும்பாலும் தானே விட்டுக்கொடுக்கும். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்குள் போனால் திரும்பாது. நனைத்துத் துடையுங்கள். வண்டி ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கும்போது அடியில் தலையை நீட்டாதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள்.

அடுத்ததை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். டிஃபரன்ஷியல் பேரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு மூடிகளும் ஹவுசிங்கோடு சேர்த்துக் கடைந்தவை. இடதை வலதாகவோ தலைகீழாகவோ மாட்டினால் பேரிங் வட்டமாக உட்காராது. கழற்றும் முன் மூடியிலும் ஹவுசிங்கிலும் ஒரு பக்கத்துக்கு ஒரு புள்ளி, மறுபக்கத்துக்கு இரண்டு புள்ளி என்று பஞ்சால் குத்தி வையுங்கள். பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலும் அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றுவது வீண். இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளான ஷிம்களைக் கழற்றிய வரிசையிலேயே கம்பியில் கோத்து, எந்த இடத்தது என்று சீட்டு எழுதிக் கட்டுங்கள். ஒரே டப்பாவில் கொட்டிய ஷிம்கள் குப்பைக்குச் சமம்.

‘பழைய ஷிம் அப்படியே போட்டுவிட்டேன், சரியாகத்தான் இருக்கும்’ என்பது பட்டறைகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு. புதுப் பேரிங் போட்டதும் பழைய அளவு செல்லாது. டயல் கேஜ் வைத்துப் பல் இடைவெளியைப் பாருங்கள். இந்த அச்சுகளுக்கு 0.005 முதல் 0.007 இன்ச். கிரவுன் வீலைச் சுற்றி நான்கு இடத்தில் அளக்க வேண்டும், ஓரிடத்து அளவை நம்பக் கூடாது. அந்த அளவு சரியாக வந்தாலும் வேலை முடியவில்லை. நான்கைந்து பற்களில் மார்க்கிங் பசையைத் தடவி, கொஞ்சம் பாரம் கொடுத்துச் சுற்றினால் பினியன் தொட்ட தடம் விழும். தடம் பல்லின் அடிவேரில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே வந்திருக்கிறது. நுனியில் விழுந்தால் விலகியிருக்கிறது. நடுவில் விழும்வரை ஷிம்மை மாற்றி மாற்றிப் போட வேண்டும். மூன்று முறை, நான்கு முறை பிரிக்க நேரலாம். அலுத்துப்போய் விட்டுவிட்டால், வண்டி ஓடும் காலம் முழுக்க டிஃபரன்ஷியல் ஊளையிடும்.

கிரவுன் செட்டையே மாற்றுவதென்றால் முன்னச்சின் பற்களையும் எண்ணுங்கள். இந்த ஜீப்பில் வழக்கமாக 43-க்கு 8, அதாவது 5.38 விகிதம். பின்னால் மட்டும் வேறு விகிதத்தைப் போட்டுவிட்டு நான்கு சக்கர இயக்கத்தில் கெட்டித் தரையில் ஓட்டினால், முன்னச்சும் பின்னச்சும் ஒன்றையொன்று முறுக்கி ஏதாவது ஒன்றை உடைத்துவிடும்.

முன்னச்சில், நக்கிள் திரும்பும் அச்சாணியான கிங் பின்னின் ஷிம்களை மேலும் கீழும் ஒரே கனத்தில் போடாவிட்டால் நக்கிள் நடுவிலிருந்து நகர்ந்துவிடும். பின்னச்சில் ஹப்பின் கூம்பும் தண்டின் கூம்பும் ஈரமின்றி, கிரீஸின்றி, பெயிண்டின்றி இருக்க வேண்டும். நட்டை 150 பவுண்ட்-அடிக்குக் குறையாமல் முறுக்குங்கள். நட்டைப் பூட்டும் காட்டர் பின்னுக்கான துளை நேர்படவில்லையென்றால் மேலும் இறுக்கி நேராக்குங்கள், ஒருபோதும் தளர்த்தாதீர்கள். தளர்ந்த ஹப் முதலில் அதைத் தண்டோடு பிணைக்கும் சாவிக்கட்டையை நசுக்கும், பிறகு தண்டின் காடியைக் கிழிக்கும்.

பேரிங் கழுவிய கையோடு பனியன் கழிவுத் துணியால் துடைப்பதும் தவறுதான். அதன் நூல்துகள் உருளைகளுக்கிடையே தங்கிவிடும். நூல் உதிராத துணி போதும். உள்வளையம் புதிது, வெளிவளையம் பழையது என்று கலப்பதும் வேண்டாம்.

இனி பெயிண்ட். கழற்றிய ஹவுசிங்கை வாய் திறந்தபடியே மணல் அடிக்கக் கொடுக்காதீர்கள். அச்சுக் குழாயின் உள்ளே ஒளிந்த மணல், ஓட ஆரம்பித்ததும் ஆயிலோடு கலந்து புதுப் பேரிங்கை அரைத்துவிடும். எல்லா வாயையும் கட்டையடித்து மூடி, முடிந்தபின் குழாய்க்குள் துணி சுற்றிய கம்பியை விட்டு, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை இழுக்க வேண்டும். வீட்டில் செய்பவர்களுக்குக் கம்பி பிரஷ் போதும். ஆனால் முதலில் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கிவிட்டுத்தான் பிரஷ். பிசுக்கோடு தேய்த்தால் துருக்குழிகளுக்குள் ஆயிலைத் திணிப்பதாகிவிடும், அதன்மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது. மண்ணெண்ணெயில் கழுவியதோடு நிறுத்தாதீர்கள், அதுவே ஒரு பிசுக்கை விட்டுச் செல்லும். கடைசியில் தின்னர் துணியால் துடைத்துவிட்டு, வெறுங்கையால் தொடாமல் இருங்கள்.

மழைக்காலக் காலையில் பூசுவதும் கெடுதல். காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலையைவிட இரும்பு குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக இருக்க வேண்டும். மூடுபனி உள்ள ஊர்களில் முற்பகல் ஏறும்வரை காத்திருப்பது நல்லது. ரெட் ஆக்சைடின் மேல் கடுமையான தின்னர் கலந்த இரட்டைக் கலவைப் பெயிண்டை அடித்தால் கீழ்ப்பூச்சு சுருங்கி எழும்பும். அந்தப் பெயிண்டுதான் வேண்டுமென்றால் எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். இரட்டைக் கலவைப் பெயிண்டில் சேர்க்கும் ஹார்டனரின் ஆவி ஆபத்தானது, முகத்தில் கைக்குட்டை கட்டுவது பாதுகாப்பாகாது. என் தேர்வு, ரெட் ஆக்சைடின் மேல் சாதாரண சிந்தெடிக் எனாமல். கல் பட்டுப் பெயர்ந்த இடத்தைப் பிரஷ்ஷாலேயே சரிசெய்துவிடலாம். டிஃபரன்ஷியல் ஹவுசிங்குக்கு இப்போது வெளிர் சாம்பல் நிறம்தான் பூசுகிறேன். கசிவும் விரிசலும் அதில் உடனே கண்ணில் படும், கறுப்பில் தெரியாது.

பெயிண்ட் படக்கூடாத இடங்கள்: பிரீதர், சீல் உட்காரும் வாய், பிரேக் தட்டு அமரும் முகம், போல்ட் மரை, பட்டை ஸ்பிரிங் அமரும் மேடை. மேடையில் கனமாகப் பூசினால் பாரத்தில் அது நசுங்கி, யு போல்ட் தளர்ந்துவிடும். முன்னச்சின் பந்துப் பகுதியில் துளியும் படக்கூடாது. அழகுக்காக அதையும் பூசிவிடுகிறார்கள், முதல் வளைவிலேயே பெயிண்ட் உரிந்து ஃபெல்ட் சீலைக் கீறிவிடும். அந்தப் பந்தை மெல்லிய எமரித் தாளால் தேய்த்து மழமழவென்று ஆக்கிக் கிரீஸ் தடவுவதுதான் முறை.

டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தரத்து 90 கியர் ஆயில் போடலாம். அதே டப்பாவைப் பழைய கியர்பாக்ஸில் ஊற்ற வேண்டாம், உள்ளிருக்கும் பித்தளைப் பாகங்களை அது அரிக்கக்கூடும். முதல் 100 கிலோமீட்டரில் யு போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள். 500-ல் ஆயிலை வடித்து, காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். அப்போதே பிரீதரின் மூடியை விரலால் சுழற்றி, துளைக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டு எடுங்கள்.