பழைய மியாட்டாவைத் தேற்றுவது எப்படி? டயரில் தொடங்குங்கள்

1989-இல் சிகாகோ ஆட்டோ ஷோவில் மாஸ்டா காட்டிய எம்எக்ஸ்-5 மியாட்டா என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காருக்கு 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன்தான். ஆனால் எடை ஒரு டன்னுக்கும் குறைவு, நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்கள் பிடித்திருக்கும். இந்த வண்டியின் ருசி வளைவில்தான் இருக்கிறது. அதனால் வாங்கிய கையோடு டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளி சக்தியைக் கூட்டும் கருவி) போடாதீர்கள். வேலையைத் தரையிலிருந்து மேலே கொண்டுபோங்கள்.

முதல் வேலை டயர். 185/60 ஆர்14 அளவில் நல்ல ரப்பராக நான்கும் ஒன்றுபோல வாங்குங்கள். கம்பெனி சொன்ன காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ. அதை வைத்து, டயரின் ஓரத்தில், பட்டனும் (தரையில் படும் பகுதி) பக்கச்சுவரும் சேருமிடத்தில் சாக்பீஸால் குறுக்கே கோடு போடுங்கள். டிராக்கில் சில சுற்று ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு பக்கச்சுவர்வரை அழிந்திருந்தால் காற்று போதவில்லை. பட்டன் ஓரத்திலேயே அழியாமல் நின்றால் காற்று அதிகம். இரண்டிரண்டு பிஎஸ்ஐயாக மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் பிரேக். நல்ல பேட், புது டாட் 4 பிரேக் ஆயில், அவ்வளவு போதும். பழைய ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், சூட்டில் சீக்கிரம் கொதித்து பெடல் உள்ளே போய்விடும்.

அடுத்தது சஸ்பென்ஷன். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். வண்டியைத் தாழ்த்த ஸ்பிரிங்கை அறுப்பவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. மியாட்டாவின் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும் தூரமே குறைவு. அதையும் குறைத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பில்தான் இடிக்கும். நல்ல ஷாக் அப்சார்பரும் அதற்கேற்ற ஸ்பிரிங்கும் போடுங்கள், ஆர்ம்களின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்கள் வெடித்திருந்தால் அவற்றையும் மாற்றுங்கள்.

புஷ் மாற்றும்போது ஒன்றை மறக்காதீர்கள். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது ஆர்ம் போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி விடுங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, சக்கரத்தில் எடை விழுந்த பிறகுதான் முழுசாக இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட். உயரம் மாறினால் கேம்பரும் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்) மாறும் என்பதால் முன்னாடியே செய்வது வீண். நான்கு சக்கரத்திலும் கேம்பரைத் திருத்தும் போல்ட் இருக்கிறது. ஓட்டுபவரின் எடையை சீட்டில் வைத்தே அளக்கச் சொல்லுங்கள். டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு. முன்னால் டோ சைபர், பின்னால் கொஞ்சம் டோ-இன் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே திரும்பியிருப்பது). எனக்கு இது திருப்தியாக இருக்கிறது.

கடைசியில் எஞ்சின். ஏர் ஃபில்டர் மாற்றினால் சத்தம்தான் பெரிதாகக் கூடும். 1.6 எஞ்சினில் இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம்) 10 டிகிரியிலிருந்து 14-க்கு நகர்த்துவது ரசிகர்களின் பழைய வித்தை. செலவே இல்லை, ஆக்டேன் அதிகமுள்ள பெட்ரோல் போட வேண்டும். எஞ்சினில் ‘டக்டக்’ என்று தட்டும் சத்தம் கேட்டால் உடனே பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். டர்போ ஆசை இருந்தால் முதலில் கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டர்களில் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) செய்யுங்கள். கிராங்கையும் பாருங்கள். ஆரம்ப வருட எஞ்சின்களில் கிராங்க் மூக்கு (கிராங்க் ஷாஃப்ட்டில் புல்லி மாட்டும் முன்முனை) குட்டையானது, அதில் புல்லியைப் பிடித்துவைக்கும் சாவி உட்காரும் சாவிப்பள்ளம் தேயும். எஞ்சினை ஐடிலில் விட்டு, முன்னால் குனிந்து கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். ஆட்டம் தெரிந்தால் டர்போ காசை அந்த ரிப்பேருக்கு ஒதுக்குங்கள்.