குளத்து ஷீட்டோட கருப்பு ஓரம் வெளிய தெரியாம இருக்க என்ன பண்ணலாம்

ஆடி சாரல்ல தோட்டத்துக்குளத்துக்கு ஷீட் விரிச்சு தண்ணி விட்டா பாக்க அவ்ளோ அழகா இருக்கும், பங்குனி சித்திரையில தண்ணி நாலு விரக்கடை எறங்கட்டும், சுத்திலும் கருப்பு பிளாஸ்டிக் பல்லை இளிச்சிட்டு நிக்கும். எங்க வீடு செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவுல, வீட்டுக்குப் பின்னாடி 12 அடிக்கு 8 அடி குளம். மொதல் தடவ எல்லாரும் பண்றத தான் நானும் பண்ணேன், ஷீட் விளிம்பு மேல உருண்டைக்கல்ல மாலை கோத்த மாதிரி வரிசையா அடுக்கிட்டேன். கல்லு கரை மேல இருக்கு, தண்ணி கீழ இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல தெரியறது பூரா ஷீட்டுதான், மேல இன்னும் எத்தன கல்லு அடுக்கினாலும் அந்தப் பட்டை மறையாது.

கல்லு தண்ணிக்குள்ள நிக்கணும், ஷீட்டு அந்தக் கல்லுக்குப் பின்னாடி ஏறி மண்ணுக்குள்ள மறையணும். அப்படி வச்சிட்டா தண்ணி ஏறினாலும் எறங்கினாலும் கல்லுலதான் முட்டும், ஷீட்டு கண்ணுல படாது.

இதுக்கு தோண்டும்போதே கரை ஓரமா ஒரு படி வெட்டிக்கணும், ஒரு அடி அகலம், முக்கால் அடி ஆழம் போதும், படி லேசா கரைப்பக்கம் சாஞ்சு இருக்கட்டும், இல்லைன்னா கல்லு கொஞ்சம் கொஞ்சமா குளத்துக்குள்ள சரிஞ்சிரும். கரை சுத்திலும் ஒரே மட்டமா இருக்கான்னு கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க, கொத்தனார் வச்சிருப்பாரே தண்ணி நெறச்ச டியூப் மட்டம், அத ஒரு நாள் கேட்டு வாங்கிப் பிடிச்சுப் பாருங்க. ஒரு பக்கம் ரெண்டு இஞ்ச் ஒசந்துட்டா அந்தப் பக்கம் ரெண்டு இஞ்ச் ஷீட்டு எப்பவும் தெரிஞ்சுக்கிட்டே இருக்கும், தண்ணிக்கு மட்டம் ஒண்ணுதான்.

கல்லு வைக்கிற எடத்துல ஷீட்டு மேல பழைய போர்வையோ மிச்ச ஷீட் துண்டோ ரெண்டு மடிப்பா போட்டுட்டு வைங்க, ஒடச்ச கருங்கல்லோட முனை ஷீட்ட கிழிச்சிரும். மொதல்ல பெரிய கல்லு, பாதி தண்ணிக்குள்ள பாதி வெளிய, அப்புறம் நடுச்சந்துல சின்னது. ஒரே சைஸ்ல அடுக்கவே வேண்டாம். குண்டாறு பக்கம் ஓடையில கொஞ்ச நேரம் நின்னு பாருங்க, பெரிய பாறை ரெண்டு மூணு சேந்து கெடக்கும், அதோட காலடியில கூழாங்கல்லு ஒதுங்கியிருக்கும், அடுத்து கொஞ்ச தூரம் வெறும் புல்லுதான். அந்த மாதிரி வைங்க. ஆனா ஓடையில இருந்து கல்ல அள்ளிட்டு வராதீங்க, வெலைக்கு வாங்குற கல்லே போதும், ரெண்டு மழைக்காலம் போனா பாசி பிடிச்சு தானா பழசாயிரும்.

சிமெண்ட் வச்சு ஒட்டிரலாம்னு சொல்வாங்க. ஷீட்டுல சிமெண்ட் பிடிக்காது, வெடிச்சு உதிரும், அதுல இருந்து எறங்குற சுண்ணாம்புக்காரம் மீனுக்கும் ஆகாது.

இப்ப சொல்றதத்தான் நெறைய பேரு கோட்ட விடுறாங்க. ஷீட்டு கல்லுக்குப் பின்னாடி செங்குத்தா, தண்ணி மட்டத்துக்கு ரெண்டு இஞ்ச் மேல வரைக்கும் ஏறி நின்னுட்டுதான் வெளி மண்ணுக்குள்ள மடியணும். நான் கரையில சாக்கு விரிச்சு ஒரு முனைய தண்ணியிலயும் மறுமுனைய வெளி மண்ணுலயும் விட்டுட்டேன், வெயில் காலத்துல வெறும் ஆவியாவே நாளைக்கு 5, 6 மில்லிமீட்டர் போகும்தான், ஆனா எங்க குளத்துல ஒரு இஞ்சுக்கு மேல எறங்குது, ஓட்டைன்னு நெனச்சு குளத்தையே காலி பண்ணித் தேடினேன், ஓட்டையே இல்ல. விளக்குத்திரி எண்ணெய உறிஞ்சுற மாதிரி அந்த சாக்குதான் தண்ணிய உறிஞ்சி வெளிய விட்டிருக்கு. புல்லு, பாசி, வெளி மண்ணு எது கரை தாண்டித் தண்ணியத் தொட்டாலும் இதேதான் நடக்கும்.

கல்லே வேண்டாம், பச்சையா இருக்கணும்னா தேங்காய் நார்ல பின்னுன கயர் பாய் நல்லா இருக்கும். ஆரியங்காவு பக்கத்துல இருந்து வர்ற சேட்டன் ஒருத்தர்தான் எனக்கு இத சொன்னாரு, கேரளாவுல கயர் பூவஸ்திரம்னு குளக்கரை, வாய்க்கால் கரைக்கெல்லாம் விரிப்பாங்க. அத படியில இருந்து ஷீட்டு மேல ஏத்தி விரிச்சு, முனைய ஷீட்டு மடிப்புக்கு உள்பக்கமாவே மடிச்சு நிறுத்தணும், பாயோட கண்ணுக்குள்ள வல்லாரை, நீர்ப்பிரமி, பொன்னாங்கண்ணி சொருகி விட்டா வேரு ஓடி பாய இறுக்கிப் பிடிச்சுக்கும். நாரு சில வருஷத்துல மக்கிரும், அதுக்குள்ள செடி கரைய மூடிருக்கணும், அதனால சாரல் ஆரம்பிக்கும்போதே நட்டுருங்க. பாய்க்குப் பதிலா தேங்காய்க் கதம்பைய (உரிச்ச மட்டைய) அப்படியே வைக்கிறதா இருந்தா நல்லா ஊறப்போட்டு தண்ணிய மாத்தி மாத்தி கொட்டுங்க, இல்லைன்னா குளம் டீத்தண்ணி ஆயிரும்.

வசம்பும் சேம்பும் படியில தொட்டியோட வைக்கலாம். கோரை, நாணல், மூங்கில் கிட்டயே வராம பாத்துக்கோங்க, கோரைக்கிழங்கு முளை பிளாஸ்டிக்கையே குத்திட்டு வெளிய வரும். ஆகாயத்தாமரையும் வேண்டாம், பக்கத்து வாய்க்காலுக்குப் போச்சுன்னா பிடிச்சு நிறுத்த முடியாது.

ஒரு பக்கம் மட்டும் படி வெட்டாம சரிவா விடுங்க, ஒரு அடி ஆழத்துக்கு மூணு அடி நீளமாவது இருந்தாதான் கூழாங்கல்லு நிக்கும். தவளையும் அணிலும் உள்ள விழுந்தா அது வழியாத்தான் ஏறி வரும். ஐப்பசி மழைக்கு நெறஞ்சு வழிய ஒரே ஒரு எடத்துல கரைய ஒரு இஞ்ச் தாழ்த்தி, அங்க தட்டைக்கல்லு போட்டு வெளிய ஓட விடுங்க, வெளி மண்ணு குளத்த விட்டு விலகிச் சரியட்டும், அப்பதான் சேறு உள்ள வராது.

ஷீட்ட வெட்டுறதுக்கு அவசரமே வேண்டாம். தண்ணி நெறப்பி, கல்லெல்லாம் வச்சு, ஒரு வாரம் விடுங்க, தண்ணி பாரத்துக்கு ஷீட்டு உள்ள இழுத்துக்கிட்டு எறங்கும். அதுக்கப்புறம் ஒரு அடி மிச்சம் விட்டு வெட்டி, செங்குத்தா நிக்கிற மடிப்புக்கு அந்தாண்ட மண்ணுல புதைச்சுருங்க.