ஜன்னலோரம் அம்மாவை ஒரு படம்: போனிலேயே எடுப்பது எப்படி?

பெரிய கேமரா வேண்டாம், போன் போதும். முதல் வேலை, அதில் ‘பியூட்டி’ வசதி இருந்தால் அணைத்துவிடுவது. கண்ணோரச் சுருக்கத்தையும் கன்னத்து மச்சத்தையும் அழித்துவிட்டால் படத்தில் இருப்பது வேறு யாரோ.

அடுத்து வெளிச்சம். வெயில் நேராக விழாத ஜன்னலாகப் பாருங்கள். விழுந்தால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டலாம். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சமும் கலந்தால் முகத்தில் நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். ஜன்னல் அம்மாவுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். மறு கன்னம் ரொம்ப இருட்டாக இருந்தால் அந்தப் பக்கம் ஒரு வெள்ளை சார்ட் அட்டையைப் பிடித்தால் சரியாகிவிடும்.

வீடு சின்னது என்று யோசிக்காதீர்கள். மகளும் மருமகனும் 1863-இல் பரிசளித்த கேமராவோடு 48 வயதில் படமெடுக்கத் தொடங்கிய பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன், கோழிக்கூண்டைத்தான் ஸ்டுடியோவாக மாற்றிக்கொண்டார்.

போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகிவிடும். நாலைந்து அடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வையுங்கள். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தால் நீங்களும் தரையில்தான். திரையில் அவர் கண்ணைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். மாநிறத்தைப் போன் வெளுப்பாக்கப் பார்க்கும். இழுத்தால் உண்மையான நிறம் வந்துவிடும்.

இனிதான் முக்கியமான இடம். “சிரிம்மா” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ரேஷன் கார்டு போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைத்துவிடுவார். கைக்கு ஒரு வேலை கொடுங்கள். மல்லிகையும் வாழைநாரும் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் நீங்கள் இருப்பதையே மறந்துவிடுவார். நார் முடிச்சை இறுக்கும் விரல்களைத் தனியாக ஒரு படம் எடுங்கள். நகக்கண்ணில் ஒட்டிய மஞ்சள் தெரிகிற அளவுக்கு நெருக்கமாக.

அப்புறம் பழைய ஆல்பத்தைக் கையில் கொடுத்து, “இதுல உன் பக்கத்துல நிக்கிறது யாரும்மா?” என்று கேளுங்கள். பேசும்போது வாய் கோணிய படங்கள் நிறைய விழும், பரவாயில்லை. பேச்சு நின்றதும் போனை இறக்கிவிடாதீர்கள். கண் இன்னும் அந்தப் பழைய படத்திலேயே இருக்கும் இரண்டு மூன்று விநாடிகள்தான் உங்களுக்கு வேண்டியவை.

பிரின்ட் போட வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், தரம் குறையாது. கடைக்காரரிடம் “கலர் ஏத்த வேண்டாம், அப்படியே போடுங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில கடைகளில் கேட்காமலே வெளுத்துக் கொடுத்துவிடுவார்கள்.