ஓவர்லொக் மெஷின் முரண்டு பிடித்தால் செய்யக் கூடாதவை

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பிள்ளை ஒருத்தி கண் கலங்கியபடி வாசலில் வந்து நின்றாள். தையல் பயிற்சி முடித்து, சீட்டுக் காசு எடுத்து, துணியின் ஓரத்தை வெட்டிச் சுற்றித் தைக்கும் பழைய ஓவர்லொக் மெஷின் ஒன்று வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது.

"அக்கா, நேற்று வரைக்கும் நல்லாத் தைச்சது. இண்டைக்கு நூல் அறுக்குது, தையல் விடுது. பேய் பிடிச்ச மாதிரி நிக்குது."

"என்ன பிள்ளை செய்தனி?"

"ஒண்டும் செய்யேல்லை அக்கா. சும்மா கொஞ்சம் திருப்பிப் பாத்தனான்."

அந்தச் "சும்மா கொஞ்சம்" எனக்கு நன்றாகப் பழக்கமானது. நானும் அதைச் சொல்லித்தான் ஒரு காலத்தில் காசையும் மானத்தையும் விட்டேன். வீட்டில் ஓவர்லொக் வைத்திருக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிளக்கைப் போட மறந்தது, நூல் கோர்க்காமல் மிதித்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே விளங்கும்.

ஒரே நேரத்தில் நாலு இடத்தில் கை வைப்பது

இதுதான் பெரிய தவறு. மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

சாதாரணத் தையல் மெஷினில் மேலே ஒரு நூல், கீழே பொபினில் ஒரு நூல். பிழை வந்தால் தேட இரண்டு இடம். ஓவர்லொக் அப்படியில்லை. கைச்சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் கத்தி துணியின் ஓரத்தை வெட்டுகிறது, ஊசி இறங்குகிறது, கீழ் லூப்பர் (நூலைக் கொண்டுபோகும் கொக்கி போன்ற பாகம்) ஊசிக்குப் பின்னால் போய் அதன் நூலைப் பிடிக்கிறது, மேல் லூப்பர் கீழ் லூப்பரின் நூலைத் தூக்கிக்கொண்டு ஓரத்தைச் சுற்றி மேலே வருகிறது, திரும்ப இறங்கும் ஊசி அதைப் பிடிக்கிறது, அடியில் இருக்கும் இரும்புப் பல் துணியைப் பின்னால் தள்ளுகிறது. தொழிற்சாலை மெஷின் என்றால் இது ஒரு நிமிடத்தில் 5,000 தடவைக்கு மேலும் நடக்கும். ஒன்றின் கையில் இருப்பதை மற்றது வாங்கும் வேலை. அதனால் ஒரு மூலையில் உள்ள பிழை இன்னொரு மூலையில் போய்த் தெரியும். கீழ் லூப்பர் நூல் அறுந்தால் குற்றம் ஊசியில் இருக்கலாம். ஓரம் சுருண்டால் குற்றம் கத்தியில் இருக்கலாம்.

இது தெரியாத காலத்தில், ஒரு பள்ளிக்கூடத்தின் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு 60 ரீசேர்ட் தைக்க ஒப்புக்கொண்டேன். மஞ்சள் நிறப் பனியன் துணி. முதல் ஏழு எட்டு ஒழுங்காகப் போனது. பிறகு இடையிடையே தையல் விடத் தொடங்கியது. நான் என்ன செய்தேன்? ஊசி நூலின் ரென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தை, கூட்டினேன். சரிவரவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு மேல் லூப்பரின் ரென்ஷனைத் தளர்த்தினேன். இப்போது ஓரத்தில் நூல் கொசுவலை மாதிரித் தொங்கியது. தையல் நீளத்தை மாற்றினேன். துணி இழுபடும் அளவை மாற்றும் டிஃபரென்ஷியலைத் திருகினேன். பின்னேரம் ஆறு மணிக்கு எது எந்த இடத்தில் இருந்தது என்று எனக்கே தெரியாது. ஆத்திரத்தில் பக்க மூடியைத் திறந்து, கீழ் லூப்பரைப் பிடித்திருக்கும் திருகாணியையும் தளர்த்திவிட்டேன். அந்த ஒரு திருகாணியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வரும்.

லூப்பரின் நுனி ஊசியை உரசாமல் உரசிக்கொண்டு போக வேண்டும். இடையில் ஒரு தலைமயிர் புகுந்தாலே அதிகம். அந்த நிலையைப் பிடிப்பது பழகிய கைக்குரிய வேலை. தளர்த்தியவுடன் அது போய்விட்டது. அடுத்த மிதியில் ஊசி லூப்பரில் அடித்து முறிந்தது, லூப்பரின் நுனியும் மழுங்கியது.

மூன்று நாள் கழித்துத்தான் சுன்னாகம் பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணை வந்தார். முறிந்த ஊசித் துண்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "தங்கச்சி, பனியன் துணிக்கு இந்த ஊசியே போட்டனீர்?" என்றார். அவ்வளவுதான். முதல் நாள் வந்த பிழை, பருத்தித் துணி தைத்த கூர்முனை ஊசியை மாற்றாமல் பனியன் துணிக்குப் போனதால் வந்தது. பனியன் துணிக்கு முனை கொஞ்சம் உருண்ட போல் பொயின்ற் ஊசி வேண்டும். கூர்முனை இழையைக் குத்தும், உருண்ட முனை இழைகளை விலக்கிக்கொண்டு போகும். ஊசியை மாற்ற அவருக்கு இரண்டு நிமிடம். நான் கிளறிய லூப்பரைச் சரிசெய்ய மத்தியானம் முழுக்க. புது லூப்பர், கூலி, போக்குவரத்து எல்லாம் சேர்ந்து அந்த 60 ரீசேர்ட்டின் கூலி அப்படியே போனது. மிச்ச ரீசேர்ட்டுகளை வேறொரு வீட்டில் கொடுத்துத் தைத்து, போட்டிக்கு முதல்நாள் இரவு கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து பிறகு ஒரு ஓடரும் வரவில்லை.

சரி, இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன் போனில் படம். எல்லா ரென்ஷன் குமிழும், நீளக் குமிழும் தெரிய வேண்டும். இலக்கம் இல்லாத பழைய மெஷின் என்றால் நகப்பூச்சால் குமிழிலும் உடம்பிலும் ஒரு கோடு போட்டு வையுங்கள். அப்புறம் ஒரேயொரு மாற்றம். அதே துணியின் வெட்டுத் துண்டில் ஒரு சாண் தைத்துப் பாருங்கள். மாறவில்லையா? அடுத்ததைத் தொடுவதற்கு முன் இதைப் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். பத்தில் ஒன்பது பேர் விடுவது இந்த இடத்தில்தான். ஒன்றை மாற்றிப் பார்ப்பார்கள், திருப்பி வைக்க மாட்டார்கள். பிறகு உண்மையான பிழையோடு தாங்கள் உண்டாக்கிய மூன்று பிழையும் சேர்ந்து நிற்கும்.

தேடும் ஒழுங்கும் உண்டு. முதலில் நூல் போகும் வழி, பிறகு ஊசி, பிறகு துணி, கடைசியில்தான் ரென்ஷன். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள், ஏனென்றால் ரென்ஷன் குமிழ் கண்ணுக்கு முன்னால் அழகாக நிற்கிறது.

ரென்ஷன்தான் என்று உறுதியானால், நாலு நிற நூல் போட்டு இரண்டு துண்டைச் சேர்த்துத் தையுங்கள். என்ன நடக்கிறது என்று துணியே காட்டிவிடும். இரண்டு லூப்பர் நூலும் துணியின் ஓரத்தில், விளிம்புக்கு நேரே சந்திக்க வேண்டும். கீழ் லூப்பரின் நிறம் மேல்பக்கம் ஏறி வந்தால், கீழ் நூல் தளர்வு அல்லது மேல் நூல் இறுக்கம். மேல் லூப்பரின் நிறம் அடிப்பக்கம் போனால் மறுவளம். தைத்த இரண்டு துண்டையும் விரித்து இழுக்கும்போது மூட்டு ஏணிப்படி மாதிரி வாய் திறந்தால் ஊசி நூல் தளர்வு. இரண்டு லூப்பரும் விளிம்புக்கு வெளியே தொங்கினால் இரண்டும் தளர்வு, அல்லது கத்தி மழுங்கி ஓரத்தைச் சரியாக வெட்டவில்லை. குமிழைத் திருப்புவது அரை இலக்கம், மிஞ்சினால் ஒன்று. தண்ணீர்ப் பைப் மாதிரிச் சுற்றக் கூடாது.

அந்தப் பிள்ளையின் மெஷினுக்கு வருகிறேன். நாலு நூல் மெஷின், இரண்டு ஊசி. ஊசி மாற்றியபோது ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்பதைக் கண்டிருக்கிறாள். பிழை என்று நினைத்து, அதைக் கீழே இழுத்து இரண்டையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி இறுக்கியிருக்கிறாள். அந்த மெஷினில் இரண்டு ஊசியும் ஒரே மட்டத்தில் நிற்பதே இல்லை, அதன் அமைப்பே அப்படி. ஒவ்வொன்றையும் அதனதன் குழியில் முட்டும்வரை மேலே தள்ளித்தான் இறுக்க வேண்டும். தள்ளினோம். தையல் விடுவது நின்றது. ஆனால் அவள் "சும்மா கொஞ்சம்" திருப்பிய ஐந்து குமிழையும் பழைய இடத்துக்குக் கொண்டுவர எங்களுக்கு இரவு ஒன்பது மணியானது. நல்லகாலம், லூப்பரில் கை வைக்கவில்லை.

கீழ் லூப்பர் நூலை மட்டும் திரும்பக் கோர்ப்பது

ஓவர்லொக்கில் ஊசி நூல் எப்போதும் கடைசி. கீழ் லூப்பர் நூல் அறுந்தால், அதை மட்டும் கோர்த்து மிதிப்பது எல்லோரும் செய்யும் வேலை. நாலு தையலில் திரும்ப அறும். நூல் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவோம். உண்மையில் ஊசி நூல் ஏற்கெனவே லூப்பரின் மேல் கிடக்கிறது. அதற்குக் கீழால் புது நூலைக் கொண்டுபோனால் இரண்டும் சிக்கிக்கொள்ளும். ஊசி நூலைக் கழற்றுங்கள், லூப்பரைக் கோருங்கள், பிறகு ஊசியைக் கோருங்கள்.

வீட்டு மெஷின் என்றால் துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துக் கோர்க்க வேண்டும். பல மெஷின்களில் அப்போதுதான் நூலைப் பிடிக்கும் ரென்ஷன் தட்டுகள் திறக்கும். பாதம் இறங்கியிருந்தால் நூல் தட்டுகளுக்கு மேலாலேயே போய்விடும். குமிழை எவ்வளவு இறுக்கினாலும் ஒன்றும் நடக்காது.

நூல் கூம்பு

நூல் தாங்கியின் மேல் வளையம் கூம்புக்கு நேர் மேலே நிற்க வேண்டும். சரிந்திருந்தால் நூல் விட்டு விட்டு இழுபடும். ஒரு தையல் இறுக்கம், அடுத்தது தளர்வு. அந்த மாதிரி விட்டுவிட்டு வரும் பிழைக்கு முதலில் மேலே பாருங்கள்.

மாரி முழுக்க யன்னலோரம் இருந்த பழைய கூம்பு என்றால், இரண்டு கையாலும் பிடித்துச் சுண்டிப் பாருங்கள். சத்தமில்லாமல் அறுந்தால் அது குப்பைக்கு.

தேங்காயெண்ணெய்

விடாதீர்கள்.

ஒரு கதை மட்டும். 90களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது போத்தல் விளக்குக்கே மண்ணெண்ணெய் தேடித் திரிந்தோம், மெஷின் எண்ணெய்க்கு எங்கே போவது? அம்மா தன் கால்மெஷினுக்குத் தேங்காயெண்ணெய் விட்டார். இரண்டு நாள் பூ மாதிரி ஓடியது. பிறகு எண்ணெய் பிசினாகி, சக்கரத்தை இரண்டு பேர் சேர்ந்தும் சுழற்ற முடியவில்லை. கிடைத்த அரைக் கோப்பை மண்ணெண்ணெயில் துண்டு துண்டாகத் துடைத்தெடுத்தார். அன்றைக்கு வேறு வழியில்லை. இன்றைக்கு வெள்ளை மெஷின் எண்ணெய் எல்லாக் கடையிலும் இருக்கிறது.

துணியைப் பின்னால் இழுப்பது

பல் தள்ளும், நீங்கள் இழுக்க வேண்டாம். இழுத்தால் ஊசி வளையும், வளைந்த ஊசி லூப்பரில் அடிக்கும்.

கத்திக்குள் குண்டூசி

இதற்கு நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

பஞ்சை வாயால் ஊதுவது

உள்ளேதான் போகும். தூரிகையால் வெளியே இழுங்கள்.

உறுமும் மோட்டரை மிதித்துக்கொண்டே இருப்பது

பின்னேரத்தில் ஊரெல்லாம் மோட்டர் போட்டுத் தண்ணீர் இறைக்கும் நேரம் சில இடங்களில் வோல்டேஜ் விழும். பழைய கிளட்ச் மோட்டர் சுழலாமல் உறுமினால் உடனே சுவிட்சை நிறுத்துங்கள். விட்டால் சூடேறிக் கம்பிச் சுருள் எரியும்.

மெக்கானிக்கிடம் மறைப்பது

இரும்போடு இரும்பு அடிக்கும் சத்தம் கேட்டால், புது ஊசி போட்டும் அடுத்தடுத்து முறிந்தால், எண்ணெய் மட்டம் சரியாக இருந்தும் மெஷினில் உள்ள எண்ணெய் பார்க்கும் சிறு கண்ணாடியில் எண்ணெய் ஓடுவது தெரியாவிட்டால், மூடியைத் திறக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள். வருபவரிடம் கடைசியாகத் தைத்த துண்டையும் முறிந்த ஊசியையும் கொடுங்கள், எதை எவ்வளவு திருப்பினீர்கள் என்று சொல்லுங்கள். எனக்கு வந்த அண்ணையிடம் நானும் முதலில் "ஒண்டும் செய்யேல்லை" என்றுதான் சொன்னேன். அவர் பேசாமல் அந்தத் திருகாணியின் தலையைக் காட்டினார். என் ஸ்க்ரூட்ரைவர் வழுக்கிய கீறல் அதில் பளபளவென்று இருந்தது.