கடைப் பிள்ளைகளுக்கு ஒரு கதிரையும் பத்து நிமிடமும்

கல்முனை, மட்டக்களப்புப் பக்கம் புடைவைக்கடை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில், நாள் முழுக்க நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரு கதிரை போடுங்கள். சனம் குறைந்த நேரத்தில் அதில் இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். தண்ணீர்ப் போத்தல் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடவே வேண்டாம். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சொல்லும் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 என்ற கணக்கில் அந்த நேரம் சேராது.

அப்புறம், காலையில் கடை திறந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி ஏதாவது ஒரு வேலையைச் சொல்லிக்கொடுங்கள். இன்றைக்குப் பில் சரிபார்ப்பது, நாளைக்கு மருதமுனைக் கைத்தறிச் சாரத்தில் நெசவு பார்ப்பது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. துணி மடிக்க வந்த பிள்ளை கொள்முதல் கணக்கையே பார்க்கும் அளவுக்கு வளரலாம். வேலை பழகினால் விட்டுப் போய்விடுவார்கள் என்று பயந்து சொல்லிக்கொடுக்காமல் விடுவது பெரிய அநியாயம். பிழை விட்டால் வாடிக்கையாளர் முன்னால் ஏசாமல், பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.