சேமித்து வைத்த பறப்புத் திட்டத்தைப் பயன்படுத்துவது எப்படி?

ஒரே பாதையில் வாரம் இருமுறை பறப்பவர்கூட, ஒவ்வொரு முறையும் குமிழைத் திருகித் திருகி வழிப்புள்ளிகளை, அதாவது பாதையில் கடக்க வேண்டிய இடங்களின் குறியீடுகளை, எழுத்தெழுத்தாக உள்ளிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையைப் பறப்புத் திட்டமாக ஒருமுறை சேமித்துவிட்டால் அந்த வேலை மிச்சம். சிறிய விமானங்களில் பரவலாக உள்ள கார்மின் ஜிஎன்எஸ் 430 என்ற ஜிபிஎஸ் வழிகாட்டும் கருவியை வைத்து விளக்குகிறேன்.

பொத்தான்களைத் தொடும் முன் 00 என்ற எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள். இப்போது பறக்கும் திட்டத்துக்கு மட்டுமே உரிய இடம் அது. கருவியை அணைத்தால் அதில் இருப்பது அழிந்துவிடும். சேமிப்புக்கான இடங்கள் 1 முதல் 19 வரை. ஒவ்வொன்றிலும் 31 வழிப்புள்ளிகள் வரை வைக்கலாம். சேமித்த திட்டத்தை இயக்கினால் அதன் நகல் 00-க்குப் போகும், முன்பு அங்கே இருந்தது போய்விடும். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

சேமிக்க: எஃப்பிஎல் (FPL, பறப்புத் திட்டம்) பொத்தானை அழுத்தி, வலப்பக்கச் சிறு குமிழைத் திருப்பினால் திட்டப் பட்டியல் வரும். மெனுவை அழுத்தி, புதிய திட்டம் உருவாக்கும் வரியைத் தேர்ந்தெடுத்து என்டர் கொடுங்கள். சிறு குமிழ் எழுத்தை மாற்றும், பெரிய குமிழ் அடுத்த எழுத்துக்கு நகர்த்தும். ஒவ்வொரு புள்ளிக்கும் என்டர். ஒரே குறியீடு இரண்டு நாடுகளில் இருக்கக்கூடும். கருவி கேட்டால் அவசரப்படாமல் நாட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இயக்க: அதே பட்டியலில் சிறு குமிழை அழுத்தினால் கர்சர் தோன்றும். பெரிய குமிழால் உங்கள் திட்டத்துக்கு வாருங்கள். மெனு, அதில் திட்டத்தை இயக்கும் வரி, பிறகு என்டர்.

இதையெல்லாம் தரையில், விமானம் நிற்கும்போதே முடித்துவிடுங்கள். முடித்ததும் ஒவ்வொரு கட்டத்தின், அதாவது அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட பகுதியின், திசையையும் தூரத்தையும் உங்கள் காகிதக் கணக்கோடு ஒப்பிடுங்கள். நான் இதில் கொஞ்சம் பிடிவாதக்காரன். 40 மைல் இருக்க வேண்டிய கட்டம் 4,000 மைல் என்று காட்டினால் தவறான நாட்டுப் புள்ளியைப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். வழிசெலுத்தல் தரவுத்தளம் 28 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே பல மாதங்களுக்கு முன் சேமித்த திட்டத்தை நடப்பு வரைபடத்தோடும் ஒத்துப்பாருங்கள்.

திரையின் அடியில் சிடிஐ (CDI, பாதை விலகல் காட்டி) பொத்தானுக்கு மேலே ஜிபிஎஸ் என்று இருக்கிறதா? விஎல்ஓசி (VLOC, தரை வானொலி நிலையங்களின் சமிக்ஞை) என்றிருந்தால் பாதை விலகலைக் காட்டும் ஊசி உங்கள் திட்டத்தைப் பின்பற்றாது. அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் மாறிவிடும்.

நடுவழியில் ஒரு புள்ளியைத் தவிர்த்து அடுத்த கட்டத்தைப் பிடிக்க வேண்டுமா? திட்டப் பக்கத்தில் அந்தக் கட்டம் முடியும் புள்ளிக்குக் கர்சரைக் கொண்டுபோய், மெனுவில் கட்டத்தை இயக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள்.

திரும்பி வரும்போது புதிதாக எதையும் உள்ளிட வேண்டாம். பட்டியலில் அதே திட்டத்தின் மீது கர்சரை வைத்து, மெனுவில் தலைகீழாக்கும் வரியைத் தேர்ந்தெடுத்தால், வரிசை மாறி 00-இல் ஏறிவிடும். மூலத் திட்டம் தன் இடத்தில் அப்படியே இருக்கும்.