கட்டட வேலையில் விபத்துக்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

சைட்டில் ஒருவர் மேலிருந்து விழுந்துவிட்டால் கூடி நிற்பவர்கள் முதலில் கேட்பது, "ஹெல்மெட் போட்டிருந்தானா?" அடுத்து, "குடிச்சிருந்தானா?" சாரத்தை யார் கட்டினார்கள், எத்தனை பலகை போட்டிருந்தது, லிஃப்ட் குழி ஏன் திறந்து கிடந்தது என்று கேட்பவர்கள் குறைவு. விழுந்தவர் கையில் இருந்தது கரண்டியும் கலவைச் சட்டியும்தான். மற்றதையெல்லாம் முடிவு செய்தவர் வேலை கொடுத்தவர். அதனால் அவர் செய்யும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, "அவங்க மேஸ்திரி ஆளு, எனக்குச் சம்பந்தமில்லை" என்பது. கட்டுமானத்தைத் தொழிலாகச் செய்பவர் வேலையை உள் ஒப்பந்தத்தில் விட்டிருந்தாலும், காயம்பட்ட தொழிலாளி நேராக அவரிடமே இழப்பீடு கேட்கலாம். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலிருந்தே இப்படித்தான். கொடுத்துவிட்டு மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்வது அவர் பாடு. கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்று 1996இல் வந்த தனிச் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் பணியிடப் பாதுகாப்புக்கான 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஹெல்மெட்டுக்கும் ஷூவுக்கும் வாரக் கூலியில் பிடித்தம் செய்யும் காண்டிராக்டர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் சைட்டும், ஒருவர் தாம் குடியிருக்க 50 லட்சம் ரூபாய்க்குள் கட்டும் வீடும் இந்தத் தொகுப்பின் கட்டுமான விதிகளுக்குள் வராது. இதைச் சட்டம் கொடுத்த சலுகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தெருவுக்குத் தெரு எழும்பும் சின்ன வீடுகளில்தான் சாரம் ஒற்றைப் பலகையில் நிற்கிறது.

சாரத்தில் நடக்கும் தவறுகள் கண்ணுக்குத் தெரிபவைதான். போன வேலையில் வெயிலிலும் மழையிலும் கிடந்த கயிற்றையே மறுபடி கட்டுவது, கம்புக்கு அடியில் இரண்டு செங்கல்லை வைத்து மட்டம் பார்ப்பது, கட்டடத்தோடு சேர்த்துக் கட்டாமல் சாரத்தைத் தனியாக நிற்க விடுவது. பெல்ட் விஷயமும் இப்படித்தான். பெல்ட் வாங்கிக் கொடுத்தாச்சு என்பார்கள், சரி, அதை எங்கே மாட்டுவது? ஆடும் அந்தச் சாரக் கம்பிலேயே மாட்டினால் இரண்டும் சேர்ந்துதான் விழும். தூணிலோ தளத்திலோ உறுதியான பிடிமானம் ஒன்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்க வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டும் போதாது, விழும் வேகத்தில் வயிற்றையும் முதுகையும் நசுக்கிவிடும். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட்தான் வேண்டும்.

தளத்தில் விட்ட ஓட்டைகளையும் லிஃப்ட் குழியையும் ஒரு பிளைவுட் துண்டால் மூடி வைப்பது வழக்கம். பார்ப்பதற்கு மூடியதுபோல இருக்கும். சென்ட்ரிங் ஆள் (கான்கிரீட்டுக்கு அச்சுப் பலகை அடிப்பவர்) ஒருவர் வேறு வேலைக்கென்று அந்தப் பலகையை இரண்டு கையாலும் தூக்குவார். தூக்கியதும் கால் தெரியாது. ஓரடி முன்னே வைத்தால் கீழே குழி. அந்தப் பலகையை ஆணி அடித்து இறுக்கி, மேலே பெயின்டில் 'குழி' என்று எழுதி வைக்க பத்து நிமிடம் போதும். எழுத்தோடு ஒரு படமும் வரைந்துவிடுங்கள். இன்று நம் சைட்களில் ஒடிசா, பீகார், வங்கத்திலிருந்து வந்தவர்கள் எத்தனையோ பேர், அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

கான்கிரீட் தளத்துக்கு அடியில் கொடுத்த முட்டுகளைச் சீக்கிரம் பிரிப்பதற்குக் காரணம் அறியாமை இல்லை, வாடகை. ஜாக்கிக்கும் தகடுக்கும் நாள் கணக்கில் பணம் ஏறிக்கொண்டிருக்கும், அடுத்த சைட்டிலும் கேட்பார்கள். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 படி, தாங்கும் இடங்களுக்கு இடையே நாலரை மீட்டர் வரை தூரமுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் என்றால் 14 நாள். பீமுக்கு ஆறு மீட்டர் வரை 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். இதுவும் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டுக்குச் சொன்ன கணக்கு. இன்று கடையில் அதிகம் கிடைக்கும் பி.பி.சி. (சாம்பல் போன்றவை கலந்த போர்ட்லேண்ட் பொசலானா) சிமென்ட் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும் என்பதால் இன்னும் சில நாள் விட வேண்டும். ஒப்பந்தம் போடும்போதே இந்த நாட்களுக்கான வாடகையைக் கணக்கில் எழுதிவிட்டால் அப்புறம் அவசரப்பட வேண்டியதில்லை.

மண் தோண்டும் வேலையை எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. மார்பளவு மண் சரிந்தாலே மூச்சு விட முடியாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமாக வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டினால் பக்கங்களுக்குப் பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது சரிவாக வெட்ட வேண்டும். அள்ளிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிப்பது பெரிய தவறு, அந்தப் பாரமே விளிம்பை உள்ளே தள்ளும். பக்கத்தில் இருக்கும் பழைய சுவரையும் பார்க்க வேண்டும். 2024 பிப்ரவரியில் உதகையில் தடுப்புச் சுவர் வேலையில் பழைய கட்டடம் ஒன்று சரிந்து, கீழே நின்ற ஆறு பெண்கள் இறந்தார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பக்கத்து வீட்டுக் காம்பவுண்ட் சுவரை ஒட்டித் தோண்டுபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் சுருக்கமாக ஒன்றே ஒன்று. பிளக் இல்லாத வயரைக் குச்சி வைத்துச் செருகி மிக்சரையும் வைப்ரேட்டரையும் ஓட்டுவதை நிறுத்துங்கள். தற்காலிக இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் இருக்கட்டும். ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கும் சித்தாளைக் காப்பாற்றுவது அதுதான்.

விபத்துக்குப் பிறகும் தவறுகள் தொடர்கின்றன. "பைக்கில் விழுந்துட்டான்னு சொல்லுங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்ல வைப்பது, குடும்பத்தின் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குவது. இதைவிட மோசமானது குடியைக் காரணம் காட்டுவது. தொழிலாளி குடித்திருந்தார், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார் என்பதெல்லாம் சின்னக் காயங்களுக்குத்தான் முதலாளிக்கு வாதமாக உதவும். மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்த வாதம் செல்லாது, இழப்பீடு கொடுத்தே ஆக வேண்டும். கெடு தாண்டினால் 12 சதவீத வட்டியும் சேரும். "நாங்கள்தான் கட்டடச் செலவில் 1 சதவீத நலநிதி கட்டியிருக்கிறோமே" என்றும் சிலர் சொல்வார்கள். அந்தப் பணம் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்துக்குப் போவது. முதலாளி தர வேண்டிய இழப்பீடு வேறு.

வேலைக்கு வரும் 18 முதல் 60 வயது வரையுள்ளவர்களை நலவாரியத்தில் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள், அதற்கு ஒரு அரை நாள் கூலியோடு விடுங்கள். கூலி நோட்டில் ஒவ்வொருவரின் முழுப் பெயர், ஊர், வீட்டிலிருப்பவரின் போன் நம்பரை எழுதி வையுங்கள். பல சைட்களில் அந்த நோட்டில் இருப்பது 'ராஜு - 1, ராஜு - 2' என்பதுதான். ஒரு ராஜு ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எந்த ஊருக்குப் போன் செய்வது என்று அங்கே யாருக்கும் தெரிவதில்லை.